சிட்னியிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு எண்களில் முடிந்துவிட வேண்டிய கேள்வி. ஆனால் நூறு ஆண்டுகளாக இதற்குப் பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியக் கரையைத் தொட 1919-இல் 28 நாள் ஆயிற்று. 1947-இல் லண்டன் பயணம் 4 நாளாகச் சுருங்கியது. 1989-இல் ஒரு விமானம் எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் லண்டனிலிருந்து சிட்னி வந்து சேர்ந்தது. இயந்திரங்கள் மேம்பட மேம்பட நேரம் குறைவது இயல்பு. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தூரமும் ஒரே எண்ணாக நிற்கவில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. நிலவளவையாளர் கணக்கில் அது சுமார் 17,016 கி.மீ. 1989-இல் பறந்த விமானத்தின் கணக்கில் 18,001 கி.மீ. 2019-இல் பறந்த இன்னொன்றின் கணக்கில் 17,800 கி.மீ.

இவற்றில் எது சரி என்பதைவிட, ஒவ்வொரு பதிலும் யாருக்காகக் கணக்கிடப்பட்டது என்று கேட்பதே பயனுள்ளது. கணித அறிஞர், விமானி, நிறுவனம், நீதிமன்றம், சுற்றுச்சூழல் கணக்கர் என ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய தூரத்தையும் நேரத்தையும் தானே வரையறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரையறைகளின் பிறப்பையும் குறைகளையும் சிட்னி–லண்டன் வழித்தடத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை பார்க்கிறது.

பூமியின் மேல் ஒரு கோடு

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில். அதாவது, பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு பகுதி. விமானம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கணிதம் கைவசம் இருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி நகரங்களின் இருப்பிடத்தை நிர்ணயிப்பது பற்றி ஒரு நூலே எழுதினார். கஜினியிலிருந்து மெக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அறிவது அவர் நோக்கங்களில் ஒன்று. வணிகக் கூட்டங்கள் நடந்த தூரங்களைச் சேகரித்து, பாதையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, நேர்த்தூரத்தை அவர் தருவித்தார். நடந்த தூரம் வேறு, இடைப்பட்ட தூரம் வேறு என்ற தெளிவு அப்போதே இருந்தது.

லண்டனிலிருந்து சிட்னிக்கான பெருவட்டக் கோட்டைத் தட்டையான வரைபடத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மெர்கேட்டர் 1569-இல் வகுத்த முறையிலான வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது, திசைகாட்டி மாறாமல் செல்லும் வழி. அதன்படி போனால் ஏறத்தாழ 700 கி.மீ. கூடிவிடும். உண்மையான குறுக்குவழி லண்டனிலிருந்து வடகிழக்கே கிளம்பி, மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே ஏறி, சீனாவின் செங்டு நகரப் பக்கமாக இறங்கி, தென்சீனக் கடலைக் கடந்து, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. ஆஸ்திரேலியா தெற்கே இருக்க, வழி முதலில் வடக்கே ஏறுவது பலருக்கும் நம்பச் சிரமமாக இருக்கும்.

பூமி முழு உருண்டையும் அல்ல. நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ.க்குச் சற்று மேல் கூடுதல். உருண்டை என்று கொண்டால் இந்த வழிக்குச் சுமார் 17,020 கி.மீ. வரும். தட்டையான துருவங்களைச் சேர்த்தால் 17,016. இந்த நான்கு கி.மீ. வேறுபாடு பயணிக்குப் பொருட்டல்ல. ஆனால் கணக்கிடும் முறைக்கே ஒரு சோதனை இங்கே இருக்கிறது. 1975-இல் தாடியஸ் வின்சென்டி வெளியிட்ட சூத்திரங்கள் மில்லிமீட்டர் நுட்பம் தருபவை. என்றாலும் பூமியின் நேர் எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு அருகே அவை விடைக்கு வந்து சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை 2013-இல் சார்லஸ் கார்னி தீர்த்தார்.

எதிரெதிர்ப் புள்ளிகளின் இந்த வடிவியலுக்கு விமானப் பயணத்திலும் பொருள் உள்ளது. சிட்னிக்கு நேர் எதிர்ப்புள்ளி வட அட்லாண்டிக்கில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே விழுகிறது. லண்டனிலிருந்து அது 3,000 கி.மீ. அளவில்தான். நேர் எதிர்ப்புள்ளிக்குப் போவதானால் எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. லண்டன் அதற்கு ஓரளவு அருகில் இருப்பதால், வழியை விட்டு விலகுவதற்கான தண்டம் இங்கே வியக்கத்தக்க அளவு சிறியது. சிங்கப்பூரில் இறங்கிச் சென்றால் மொத்தம் 17,180 கி.மீ. வாக்கில் ஆகும். குறுக்குவழியைவிட ஒரு விழுக்காடுகூடக் கூடுதல் இல்லை. துபாய் வழியாக 17,550. உலகின் மறுபக்கமாக லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிச் சென்றாலும் 20,800 அளவில்தான். ஆகவே இந்த வழித்தடத்தில் தூரத்தைப் பற்றிய வாதம் பெரும்பாலும் நேரத்தைப் பற்றிய வாதமே.

வடிவியலாளரின் விடையில் பிழை இல்லை. ஆனால் விமானங்கள் பொதுவாக அந்தக் கோட்டைப் பிசகாமல் பின்பற்றுவதில்லை.

இறங்கி இறங்கிச் சென்ற காலம்

1919-இல் ஆஸ்திரேலிய அரசு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவை அடைய வேண்டும். ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு இயந்திர வல்லுநர்களுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12 அன்று ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். வானில் இருந்தது ஏறத்தாழ 135 மணி நேரம்தான். மீதி நாட்கள் தரையில் போயின. அன்று முதலே பயண நேரம், பறப்பு நேரம் என இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்கின.

1935-இல் பிரிஸ்பேன்–லண்டன் பயணம் பன்னிரண்டரை நாள். 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸ் நிறுவனத்தின் கான்ஸ்டெலேஷன் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து புறப்பட்டு டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் இறங்கி நான்காம் நாள் லண்டன் சேர்ந்தது. பறப்பு நேரம் 55 மணி.

இந்த வரலாற்றில் மிக அசாதாரணமான அத்தியாயம் இலங்கையோடு சேர்ந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போனபின் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதை ஒட்டவைக்க, 1943 முதல் 1945 வரை பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு கேட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. இடையே 5,600 கி.மீ.க்கு மேற்பட்ட இந்தியப் பெருங்கடல். இடையே எங்கும் இறங்கவில்லை. எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பதால் வானொலிப் பேச்சு இல்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி அறிந்தனர். எரிபொருள் சுமையால் மூன்று பயணிகளையும் 69 கிலோ அஞ்சலையும் மட்டுமே ஏற்ற முடிந்தது. பயணம் 27 முதல் 33 மணி நேரம் நீடித்தது. ஒரே பயணத்தில் இரண்டு முறை கதிரவன் எழுவதைக் கண்டதால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர் ஏற்பட்டது. இறங்காமல் பறந்த வணிகப் பயணங்களில், நேர அளவில் மிக நீண்டவை இவையே என்று இன்றும் கருதப்படுகிறது. இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழு மணி நேரத் தொலைவு. நேரத்தை வைத்துத் தூரத்தை மதிப்பிடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பிறகு வந்தது 1989 ஆகஸ்டு 17. புதிய போயிங் 747-400 ஒன்றை லண்டனிலிருந்து சிட்னிக்கு இறங்காமல் ஓட்டிப் பார்க்க குவாண்டாஸ் முடிவு செய்தது. அடர்த்தி கூடிய எரிபொருள் தனியே தயாரிக்கப்பட்டது. ஓடுபாதைவரை விமானத்தை இழுத்தே சென்றார்கள். கட்டணப் பயணிகள் எவரும் இல்லை. முடியும் என்று அப்பயணம் காட்டியது. ஆனால் வருவாய் தரும் சுமையோடு அன்றாடம் முடியுமா என்ற கேள்வி அப்படியே நின்றது. 2019 நவம்பரில் சுமார் 50 பேரோடு ஒரு போயிங் 787 அதே வழியை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. முப்பது ஆண்டு முன்னேற்றம் நேரத்தில் மிச்சப்படுத்தியது ஐம்பது நிமிடம் மட்டுமே. ஜெட் யுகத்தில் வேகம் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. வளர்ந்தது தாங்குதிறன்தான்.

காற்று எழுதும் கணக்கு

விமானம் பறப்பது நிலத்துக்கு மேலே ஓடும் காற்றுக்குள். 1920-களில் ஜப்பானின் தத்தேனோ நிலையத்தில் ஓஇஷி வசபுரோ பலூன்களை அனுப்பி, உயரே மிகக் கடுமையான மேற்குக் காற்று வீசுவதைக் கண்டறிந்தார். அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை நோக்கி உயரப் பறந்த அமெரிக்க விமானங்கள் அதே ஜெட் காற்றோட்டத்தில் சிக்கியபோதுதான் அதன் வலிமை பரவலாகத் தெரியவந்தது. இதனிடையே 1931-இல் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ, ஓடும் ஊடகத்தில் மிகக் குறைந்த நேரத்தில் செல்லும் பாதை எது என்ற கேள்விக்குத் தீர்வு எழுதியிருந்தார். குறுகிய பாதையும் விரைவான பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

இன்றைய விமானத் திட்டமிடல் பெரும்பாலும் இந்தப் பார்வையில்தான் இயங்குகிறது. 17,016 கி.மீ. வழிக்கு 17,800 கி.மீ. பறந்ததற்குக் காற்று ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்கக் கூடும். அனுமதிக்கப்பட்ட வழித்தடங்களும் சேர்ந்திருக்கும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் துணையோடு ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம்.

போகும்போது கிடைத்த ஆதாயம் திரும்பும்போது ஈடாகிவிடும் என்று நினைப்பது தவறு. மணிக்கு 900 கி.மீ. வேக விமானம், 100 கி.மீ. காற்று, 9,000 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின்காற்றில் 9 மணி, எதிர்க்காற்றில் 11¼ மணி, மொத்தம் 20¼. காற்றே இல்லாவிட்டால் 20. எதிர்க்காற்றில் செலவிடும் நேரம் அதிகம் என்பதால் இழப்புதான் எப்போதும் மிஞ்சும். இந்த அடிப்படையில் 2016-இல் ரீடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் லண்டன்–நியூயார்க் வழியை ஆராய்ந்தார். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் ஜெட் காற்றோட்டம் வலுத்து, போய்வரும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது அவர் முடிவு. ஒரு பயணத்துக்குச் சிறிது, ஆண்டு முழுவதும் ஓடும் விமானங்களுக்குக் கணிசமானது. ஆனால் அது குளிர்காலக் காற்றை மட்டும் வைத்து, ஒரே வழித்தடத்துக்குச் செய்யப்பட்ட கணிப்பு. இரு அரைக்கோளங்களையும் கடக்கும் சிட்னி வழிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

யாருடைய வானம்?

கணிதமும் காற்றும் அனுமதித்தாலும் அரசுகள் அனுமதிக்க வேண்டும். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கி.மீ. சோவியத் வானம் மூடியிருந்த 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் வடதுருவத்தின் வழியாக இறங்காமல் பறந்து ஜப்பானை அடைந்தது. சைபீரிய வானம் திறந்தபின் பயணம் ஒன்பதரை மணி நேரமானது. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வானம் மூடப்பட்டபோது அது மறுபடி 13 மணி நேரத்தை எட்டியது. நிலத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. லண்டன்–சிட்னி பெருவட்டக் கோடும் அந்த வானத்தின் ஊடாகவே செல்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

2018-இல் தொடங்கிய பெர்த்–லண்டன் நேரடிப் பயணமும் இதற்குத் தப்பவில்லை. சுமார் 14,500 கி.மீ. கொண்ட அந்த வழியில், 2024 ஏப்ரலில் ஈரான் வானத்தைத் தவிர்க்க நேர்ந்தபோது, சுற்றுப்பாதைக்கு எரிபொருள் போதாமல் லண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கிச் செல்லத் திட்டமிடப்பட்டது. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் வானம் மூடப்படும்போது நேர்வதும் இதுவே. எல்லைவரை நீட்டப்பட்ட பயணம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலவீனமானது. நேரடிப் பயணத்தின் ஆதரவாளர்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை என்றே எனக்குப் படுகிறது.

கடிகாரம் எப்போது நிற்க வேண்டும்?

விமானத் துறையில் ‘பிளாக் டைம்’ என்பது, நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையிலான நேரம். கால அட்டவணை இதைத்தான் சொல்கிறது. அதில் நெரிசலுக்கும் காற்றுக்கும் இடம் விட்டே நிறுவனங்கள் எழுதுகின்றன. எனவே அட்டவணை நேரம் ஓர் அளவீடு என்பதைவிட ஒரு வாக்குறுதி. அதை நீட்டினால், தாமதம் காகிதத்தில் மறைந்துவிடும்.

இந்த வரையறைச் சிக்கல் நீதிமன்றத்துக்கும் போனது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் இழப்பீடு உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் சென்ற ஒரு விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற கணமே சேரும் நேரம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பயணி அதுவரை அடைபட்டு, வெளியுலகோடு தொடர்பற்று இருக்கிறார் என்பதே அதன் நியாயம். பயண நேரத்தை மனிதனின் பக்கமிருந்து வரையறுத்த அரிய ஆவணமாக இதைக் கொள்ளலாம்.

அதே நீதிமன்றம் 2017-இல் தூரத்தையும் வரையறுத்தது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்றவர்களுக்கு எந்தத் தூரத்தின்படி இழப்பீடு என்பது வழக்கு. நேர்த்தூரம் 1,326 கி.மீ. பறந்த தூரம் 1,656 கி.மீ. எல்லைக்கோடு 1,500 கி.மீ. பெருவட்ட நேர்த்தூரமே செல்லும் என்றது தீர்ப்பு. இறங்கிச் செல்வதால் மட்டும் பயணியின் இன்னல் கூடிவிடுவதில்லை என்ற அதன் வாதம், இறங்கிச் சென்ற எவருக்கும் முழுமையாக ஏற்புடையதாக இருக்காது.

கரிமக் கணக்கரின் வழி எதிர்த்திசையில் போகிறது. அல்-பிரூனி நடந்த தூரத்திலிருந்து கழித்தார். இவர்கள் நேர்த்தூரத்தோடு கூட்டுகிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் நீண்ட பயணங்களுக்கு 125 கி.மீ. சேர்க்கிறது. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டம் 95 கி.மீ. பிரிட்டிஷ் அரசின் கணக்கு எட்டு விழுக்காடு. லண்டன்–சிட்னிக்கு இவை முறையே 17,141, 17,111, சுமார் 18,380 கி.மீ. என ஆகின்றன. 2019-இல் உண்மையில் பறந்தது 17,800. ஒரே பயணத்தை வைத்து முடிவு கட்டலாகாது. ஆனாலும் நிலையான ஒரு கூட்டல் எண் நீண்ட வழித்தடங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடும் என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது.

நேராகவா, இறங்கியா?

2022-இல் குவாண்டாஸ் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி, 22 மணி நேரம்வரை பறக்கும் திறன், 238 இருக்கைகள் மட்டும். கொக்கல நினைவாகத் திட்டத்துக்கு ‘சன்ரைஸ்’ என்றே பெயர். சிட்னி–லண்டன் நேரடிப் பயணம் 2027-இல் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஓரிடத்தில் இறங்கும் பயணத்தைவிட நான்கு மணி நேரம்வரை மிச்சம் என்பது நிறுவனத்தின் கூற்று.

எதிர்வாதம் எரிபொருளின் எடையிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டாம் மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க, வேறு எரிபொருள் எரிய வேண்டும். நடுவில் இறங்கி நிரப்பினால் அந்தச் சுமை குறையும். ஆனால் இரண்டாம் முறை மேலேறும் செலவும் தரையில் போகும் நேரமும் சேரும். விலகல் அதிகமான வழிகளில் இந்த ஆதாயம் கரைந்துவிடும். சிங்கப்பூரின் இருப்போ விலகலே இல்லை என்னும்படி அமைந்திருக்கிறது. ஆகவே எரிபொருள் அளவில் இந்த வழித்தடத்தில் இறங்கிச் செல்வோர் தரப்பு வலுவானது என்று கருத இடமுண்டு. ஒரு பயணிக்கு என்று வகுக்கும்போது குறைந்த இருக்கை எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும்.

வேகத்தால் தீர்வு காணும் தரப்பு நீண்ட காலமாக ஏமாற்றமே தந்திருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் 1996-இல் நியூயார்க்–லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது. ஆனால் அதன் எட்டுத்தொலைவு 7,000 கி.மீ. அளவில்தான், நிலத்தின் மேல் ஒலித்தடையைத் தாண்டிப் பறக்கவும் பல நாடுகள் இசையவில்லை. 2017-இல் அடிலெய்டில் எலான் மஸ்க், பெரும்பாலான நெடுந்தூரப் பயணங்களை ராக்கெட்டில் அரை மணிக்குள் முடிக்கலாம் என்றார். இதுவரை ஒரு பயணியும் அப்படிச் சென்றதில்லை.

திறந்திருக்கும் பகுதி

தூரத்தைக் கணிக்கும் கணிதம் முடிந்துபோன விஷயம். அதில் இனி வாதத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால் மூன்று கேள்விகள் திறந்திருக்கின்றன. வெப்பமடையும் வளிமண்டலத்தில் நெடுவழிக் காற்றுகள் எப்படி மாறும் என்பது ஒன்று. வட அட்லாண்டிக் கணிப்புகள் ஓரளவு உள்ளன, தெற்கு நோக்கிய வழிகளுக்கு அவை போதா. நேரடிப் பயணத்தின் மொத்தக் கரிமக் கணக்கு இரண்டாவது. வெவ்வேறு கூட்டல் எண்கள் புழங்கும்வரை ஒப்பீடுகள் தெளிவாக அமையா. நிறுவனங்கள் உண்மையில் பறந்த தூரத்தையும் எரித்த அளவையும் வழித்தடம்வாரியாக வெளியிட்டால் இந்த வாதத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

மூன்றாவது மனித உடல். 2019-இன் சோதனைப் பயணங்களில் சிட்னி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பெர்கின்ஸ் மையத்தினர் பயணிகளின் உறக்கம், உணவு, வெளிச்சம் ஆகியவற்றைக் கவனித்தார்கள். ஒரு பயணத்துக்கு ஐம்பது பேர் அளவிலானோர் மட்டுமே சென்ற விமானங்களில் செய்த ஆய்வு அது. அவர்களில் பலர் நிறுவனத்தின் ஊழியர்கள். நோயாளிகள், முதியோர், கைக்குழந்தைகளோடு சாதாரண வகுப்பில் இருபது மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அந்த முடிவுகள் எவ்வளவு சொல்லும் என்பது ஐயத்துக்குரியது. மிச்சமாகும் நான்கு மணி நேரம் அவர்களுக்கும் மிச்சமாகவே இருக்குமா என்பதை, வழக்கமான பயணங்கள் தொடங்கி, எல்லாத் தரப்புப் பயணிகளிடமும் நிறுவனத்தைச் சாராத ஆய்வுகள் நடந்த பிறகே மதிப்பிட முடியும்.